மூடி தாமதமாகத் திறந்ததற்கான காரணம்

1. மாமல்லபுரம் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில், ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை நிறுத்தினாலும் அதன் பற்கள் சிறிது நேரம் சுழலும். அதனால் மூடி தாமதமாகத் திறக்கும்படி மென்பொருளை மாற்றினேன்.
2. மாற்றக் குறிப்பில் 'மூடி திறக்கும் நேரம் மாற்றப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.
3. வேலை மெதுவாக நடப்பதாகப் புகார் வந்ததும், என்னுடன் பணிபுரியும் கார்த்திக் காரணம் தெரியாமல் அந்தத் தாமதத்தை நீக்கினான்.
4. சிக்கிய ஐஸை எடுக்கக் கையை உள்ளே விட்ட தொழிலாளி முருகனின் வலது கை விரல்கள் துண்டாயின.

நாங்கள் அங்கே போய் இறங்கியதுமே, தாமதத்தை நீக்கியது யாரென்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்த முருகனின் தம்பி, கார்த்திக்கின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் முகத்தை இயந்திரத்தில் மோதினான்.

"எங்கண்ணன் வெரலு போச்சுடா! இன்னாத்துக்குடா அதுல கை வெச்ச?"

கார்த்திக்கின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. அவன் என்னை ஒருமுறை பார்த்தான். ஆனால் என் பெயரைச் சொல்லவில்லை. "தப்பு என்னோடதுதாண்ணா" என்றான். அடுத்த அடியில் அவன் பல் உடைந்தது.

"அவன விடுங்க! ஏன்னு எழுதாம விட்டது நான்தான்" என்று கத்தினேன்.

தம்பி என் பக்கம் திரும்பினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"உனக்குத்தான் பத்து வெரலும் கீதேம்மா. எழுதறதுக்கு இன்னா?"

தாமதத்தை மறுபடி சேர்த்துவிட்டேன், காரணத்தோடு. முருகன் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார்.