வளைவில் கழன்ற செயின்

மலாயாவின் அவசரகாலத்தில், லிங்கி ரப்பர் தோட்டத்துச் சாலையில், அங்கே கிராணியாகக் கணக்கு எழுதிய என்னோடு தினமும் சைக்கிளில் வருவார் ஒரு தபால்காரர். ஆறடி உயரம், முறுக்கிய மீசை. காட்டோர வளைவு வந்ததும் இறங்கிவிடுவார். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் ஒரு லாரியைச் சுட்ட இடம் அது.

"செயின் கழண்டுருச்சி கிராணியாரே. நீங்க முன்னால போங்க."

ஒருநாள் நானும் இறங்கினேன். "எனக்கும் கழண்டுருச்சிண்ணே."

கழலாத செயின்களைக் குனிந்து பார்த்தபடி இருவரும் நின்றோம். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு, வாளியோடு நடந்து வந்த ஓர் அம்மா எங்களை அதட்டினாள்.

"நடுரோட்டுல என்னா வேலை? ஒதுங்குங்க லா!"

அவள் நிற்காமல் வளைவுக்குள் நடந்தாள். உடனே தபால்காரர் ஏறி, அவள் பின்னாலேயே மெல்ல மிதித்தார். நானும்தான்.

"பயப்படாம போம்மா! பின்னால நாங்க காவலுக்கு வர்றோம்."

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அதை அவர் நிஜமாகவே நம்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.