கரடியைப் பார்க்க நகரிக்கு

பழைய படப் பைத்தியம் எனக்கு. சாபத்தால் கரடியாகிவிடும் ஓர் இளவரசனைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்ததும் இந்த வலைப்பதிவில் எழுதியிருந்தேன். அதை யாரோ படித்துக் காட்ட, நகரியிலிருந்து கஸ்தூரி என்ற கைத்தறி நெசவாளி போன் செய்தார்.

"அந்தக் கரடி எங்க நைனா சார். கரடித் தோல மாட்டிக்கினு நடிச்சது அவருதான். நான் கைக்கொழந்தையா இருக்கும்போதே பூட்டாரு. ஒரு போட்டோகூட இல்ல. சொன்னா ஊரே சிரிக்குது."

தை அமாவாசைக்குக் கிளம்பினேன். அமாவாசையில்தான் அங்கே தறிகளுக்கு ஓய்வு.

திருப்பதியில் முடி இறக்கும் வேண்டுதல் இருந்ததால் சுற்றிப் போனேன். அங்கிருந்து நகரிக்குப் புத்தூர் வழியாக சுமார் அறுபது கிலோமீட்டர், பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பேருந்து நிலையத்துக்கு அழைக்க வந்த கஸ்தூரி என்னைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார்; மொட்டைத் தலையை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டார். குரல் கொடுத்த பிறகே திரும்பினார்.

அவர் வீட்டுத் தறிக் கூடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, நான் கொண்டுபோன புரொஜெக்டரை வைத்தோம். அக்கம்பக்கத்து நெசவாளிகள் கிண்டலுக்கென்றே வந்திருந்தார்கள். "மூஞ்சியே தெரில, எந்தக் கரடியா இருந்தா இன்னா?" என்றார் ஒரு பெரியவர். கஸ்தூரி எழுந்து விளக்கை அணைத்தார்.

காவலர்கள் துரத்திய கரடி தன் அரண்மனைச் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தது. அதன் கால்கள் சும்மா இருக்கவில்லை. இடது, வலது, இடது, வலது.

"யம்மா! தறி மிதிச்சிக்கினு கீறாரு பாரு!" என்று கூவினார் ஒரு நெசவாளி. கிண்டலடித்த பெரியவரே எழுந்து நின்றுவிட்டார். "அவுனம்மா, ஆமாம்மா, அது நம்ம ஆளு காலு!"

எத்தனையோ முறை பார்த்த படம். கரடியின் கால்களை நான் கவனித்ததே இல்லை. பக்கத்தில் கஸ்தூரியின் கால்களும் அதே தாளத்தில் தரையை மிதித்துக்கொண்டிருந்தன.

சாபம் நீங்கும் இடம் வந்தது. கரடி முகம் கரைந்து கதாநாயகனின் முகம் தெரியத் தொடங்கியது.

"நிறுத்துங்க சார்," என்றார் கஸ்தூரி. "அவரு யாரோ. கொஞ்சம் பின்னால போங்க. எங்க நைனா கரடியாவே இருக்கட்டும்."

படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினேன். வேட்டியில் கரடி அசையாமல் நின்றது.

போகிறவர்களுக்கு: ரயிலில் வந்தால் ஏகாம்பரகுப்பத்தில் இறங்குங்கள். தறி ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் அமாவாசை வேண்டாம். ஆற அமரப் பேச வேண்டுமானால் அமாவாசைதான் வசதி. படம் கேட்பவர்களுக்கு முழுசாகவே அனுப்புகிறேன். கஸ்தூரிக்கு நான் வெட்டிக் கொடுத்த பிரதியில் மட்டும் சாபம் நீங்காது.