ஆளைத் தின்னாத மீன்

1987
பிப்ரவரி 9 – ஒரு ரூபாய்
பிப்ரவரி 16 – ஒரு ரூபாய்
பிப்ரவரி 23 – இரண்டு ரூபாய்
மார்ச் 2 – மூன்று ரூபாய்
மார்ச் 9 – மூன்று ரூபாய்
மார்ச் 16 – நான்கு ரூபாய்
மார்ச் 22 – ஐந்நூற்று ஒரு ரூபாய்

முதல் ஆறும் தர்மபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அப்துல் சுபானின் வீடியோ கேம் கடையில் மாதப்பன் கொடுத்தவை. ஏழாவது, அதற்காக அவருடைய ஊர் அவர்மேல் போட்ட தண்டம். அந்தக் கடைக்குக் கணக்கு எழுதியவன் நான். தண்டம் போட்ட இடத்திலும் இருந்தேன்.

மாதப்பனுக்கு அப்போது ஐம்பது வயது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். பகலில் பரிசல், விடியற்காலையில் தூண்டில், அதுதான் பிழைப்பு. அங்கே பரிசல்காரர்களுக்கு ஒரு வரிசை உண்டு. முறைப்படிதான் ஆள் ஏற்ற வேண்டும். வரிசையில் இடமில்லாதவனிடம் பரிசல் இருந்தும் பயனில்லை. மாதப்பனின் இடம் அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்தது.

1986 ஆகஸ்டில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அவருடைய ஒரே மகன் அர்ச்சுனன் பரிசலோடு போய்விட்டான். பத்தொன்பது வயது. பரிசல் கிடைத்தது, துடுப்பு கிடைத்தது, பையன் கிடைக்கவில்லை.

அவர்கள் வகையறாவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆறு ஒருவரைக் கொண்டுபோய் உடல் கிடைக்காமல் போனால், அந்த வீட்டார் மூன்றாம் வருடப் படையல் முடியும்வரை மீன் தின்னக் கூடாது, தூண்டில் தொடக் கூடாது. பெற்ற பிள்ளையை எந்த மீன் தின்றதோ, அதை எப்படிப் பிடித்துத் தின்பது? பரிசல் ஓட்டத் தடையில்லை. மாதப்பன் அதை மீறவில்லை. தூண்டிலைக் கூரையில் செருகிவிட்டார்.

படகு விபத்தில் இறந்தவர்களுக்கு நிவாரணம் உண்டு என்று யாரோ சொல்ல, மனுப் போட்டார். உடல் இல்லாமல் இறப்பை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டு, தர்மபுரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் வரச் சொன்னார்கள். காலையில் போனால் மதியம் வா என்பார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் சுபான் கடை வாசலில் வந்து நின்றார்.

கடையில் இரண்டு டி.வி. இருந்தன. ஒன்றில் சுடுகிற ஆட்டம். அதற்குக் காலேஜ் பையன்கள் அடித்துக்கொள்வார்கள். இன்னொன்று சுபானின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த மீன்பிடி ஆட்டம். ஏரியில் இடம் பார்க்க வேண்டும், இரை மாற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு ரூபாய். பல நேரம் பத்து நிமிடத்தில் மீன் தலைகாட்டுவதே இல்லை. பையன்கள் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

"நிசமான ஏரி மாதிரியே பண்ணி வெச்சிருக்கான் பாவி. அதான் எவனும் ஆட மாட்டேங்கறான்" என்று சுபான் நொந்துகொள்வார்.

மாதப்பன் முதல் நாள் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு ஒரு ரூபாயை எடுத்து வைத்தார்.

"அண்ணே, உங்க ஆத்துல இல்லாத மீனா? இங்க வந்து காசு குடுத்துப் புடிக்கறீங்க?" என்றார் சுபான்.

"அதுங்க வேற பாய். இதுங்க ஆளைத் தின்னாத மீனுங்க."

சுபான் பொத்தான்களை எப்படி அழுத்துவது என்று காட்டிக்கொடுத்தார். அன்று மாதப்பனுக்கு ஒன்றும் மாட்டவில்லை. அடுத்த திங்களும் இல்லை. தூண்டில் நரம்பை இழுத்து இழுத்து அறுத்தார். பொத்தானில் கைக்கு எடை தெரியவில்லை என்றார். மூன்றாம் திங்கள்தான் ஒன்று மாட்டியது. பச்சை நிறம், வாய் மட்டும் பெரியது. திரையில் எடை வந்தது. வைத்துக்கொள்வதா, திரும்ப விடுவதா என்று ஆட்டம் கேட்டது. சுபான் படித்துச் சொன்னார்.

"வுட்டுடு பாய்" என்றார் மாதப்பன்.

"வுட்டா கணக்குல சேராதுண்ணே."

"சேர வாணாம்."

அதன்பின் பிடித்த ஒவ்வொன்றையும் விட்டார். மீன் வால் அடித்துத் தண்ணீருக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "அடுத்த திங்கக்கிழம" என்பார்.

மார்ச் 16 அன்று பெரிய மீன் ஒன்று மாட்டியது. திரையில் வந்த எடையைப் பார்த்துக் கடையே கூடிவிட்டது. சுடுகிற ஆட்டத்தை விட்டுவிட்டுப் பையன்கள்கூட வந்து நின்றார்கள். சுபானுக்கு அந்த மெஷினால் வந்த முதல் சந்தோஷம் அது. ஒரு கரும்பலகை வாங்கி, 'ஒகேனக்கல் மாதப்பன் பிடித்த மீன் 4 கிலோ 200' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பஸ் நிலையத்தைப் பார்த்து மாட்டினார். கூட்டம் வரட்டும் என்றுதான் மாட்டினார்.

அதற்கு முந்தைய வாரம் ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் கவிழ்ந்திருந்தது. ஏறியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் எவன் செய்த தப்புக்கு ஆறு கோபித்துக்கொண்டது என்று ஊரில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பரிசல் வரிசைக்குத் தலைவர் பெரியண்ணன். பலகை மாட்டிய மறுநாள் அவர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அந்தப் பலகையைப் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. பலகையால் வந்த வினை என்று பதறிய சுபான், டி.வி.யையும் மெஷினையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இது பொம்மை என்று கண்ணால் பார்த்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. என்னையும் கூட்டிப்போனார். கரண்ட் இருந்த ஒரு மீன் வறுவல் கடையின் முன்னால் கூட்டம் உட்கார்ந்திருந்தது. மாதப்பன் கைகட்டி நின்றிருந்தார். பெண்கள் பக்கம் அவருடைய மனைவி கண்ணம்மாள்.

"தொட்டுப் பாருங்க. தண்ணியும் இல்ல, மீனும் இல்ல. வெறுங் கண்ணாடி" என்றார் சுபான்.

ஒரு பெரியவர் எழுந்து வந்து திரையைத் தடவி விரலைப் பார்த்தார். "காஞ்சிதான் கெடக்குது" என்றார். சிரித்தார்கள். பாதித் தூரம் தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

"நீ ஆடிக் காட்டுண்ணே" என்று சுபான் மாதப்பனைக் கூப்பிட்டார்.

"நான் தொட மாட்டேன் பாய்."

சுபானே ஆடினார். தூண்டில் போய் விழுந்தது. ஒன்றுமில்லை. வறுவல் கடைக்காரர், "எங்கூட்டுச் சட்டியில சீக்கிரமா மாட்டும்" என்றார். மறுபடி சிரிப்பு. திடீரென்று திரையில் தூண்டில் கழி வளைந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மீன் எகிறியது. சுபான் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார்.

"இழுக்காத பாய்! நரம்ப வுடு! வுடுங்கறேன்!"

கத்தியவர் பெரியண்ணன். கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. ஆளாளுக்கு வழி சொன்னார்கள். நரம்பு அறுந்தது. "ச்சே!" என்று ஒரே குரலாக வந்தது.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரியண்ணன் மெதுவாக உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், முப்பது வருசமா ஆத்துல கெடக்கறவன் நானு. எனக்கே இப்ப கை துடிச்சுது. இத்தன பேரும் எந்திரிச்சிட்டம். பொம்மைக்கா எந்திரிச்சம்?"

சுபான் மெஷினை அணைத்தார்.

"புடிச்சதையெல்லாம் வுட்டுட்டேனுங்க" என்றார் மாதப்பன்.

"வுட்டது அப்பறம். தூண்டில் போட்டியா, இல்லியா?"

"போட்டேனுங்க."

"கை துடிச்சுதா, இல்லியா?"

மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வரவில்லை.

கண்ணம்மாள் எழுந்தாள். "எம் புள்ள இந்த ஆத்துல கெடக்கறான். அந்தப் பொட்டிக்குள்ளயா கெடக்கறான்? சொல்லுங்க."

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ஐந்நூற்று ஒரு ரூபாய் தண்டம், மூன்றாம் வருடப் படையல் வரை வரிசையில் இடம் கிடையாது என்று சொன்னார்கள். அந்த இடத்துக்குப் பெரியண்ணனின் அக்கா மகன் ராஜப்பன் வந்தான். ரொம்ப நாளாகக் காத்திருந்தவன்.

தண்டத்தை நான் கட்டுகிறேன் என்று சுபான் சொன்னதை ஊர் ஏற்கவில்லை. தப்பு செய்தவன் கையால்தான் வர வேண்டுமாம். மாதப்பன் பரிசலை விற்றுக் கட்டினார். வாங்கியவனும் ராஜப்பன்தான்.

ஏப்ரலில் ஒரு நாள் இரண்டு மூட்டைகளோடு அவரும் கண்ணம்மாளும் கடைக்கு வந்தார்கள். மொரப்பூரில் ரயில் ஏறப் போவதாகவும், பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலை இருப்பதாகவும் சொன்னார். கண்ணம்மாள் உள்ளே வரவில்லை. பலகை அப்போதே அங்கே இல்லை. சுபான் ஆட்டத்தைப் போட்டு விடட்டுமா என்று கேட்டார். காசு வேண்டாம் என்றும் சொன்னார்.

"வாணாம் பாய். கை துடிக்கும்."

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். ஆற்றங்கரை வீட்டுக்குத் தபால் ஒழுங்காக வராது என்பதால் மனுவில் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தாராம். ஏதாவது வந்தால் வாங்கி வைக்க வேண்டும். அங்கே போய் விலாசம் எழுதுகிறேன் என்றார். எழுதவில்லை.

கடிதங்கள் மூன்று வந்தன. முதலாவது, மனு கிடைத்தது என்றது. இரண்டாவது, விசாரணைக்கு நேரில் வரச் சொன்னது. சுபான் அதை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கே போய், கட்டட வேலை நடக்கிற இடங்களில் இரண்டு நாள் விசாரித்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் மீன்பிடி மெஷினைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

மூன்றாவது கடிதம் நான்கு வரி. மனுதாரர் விசாரணைக்கு வரவில்லை, அர்ச்சுனன் என்பவர் ஆற்றில் இறந்தார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, ஆகவே மனு முடித்து வைக்கப்படுகிறது. சுபான் அதை என்னிடம் கொடுத்து மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். உறையின் மேல் தேதி குறித்து வைத்தேன்.

1988 நவம்பர் 21, திங்கட்கிழமை.