சுண்ணாம்பு அடித்த கற்கள்

எல்கடுவ மேட்டில் பயிற்சி ஓட்டம் முடித்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். என்ஜின் அடங்கியது. தேயிலை மலை மட்டும் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் வாந்தி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சொன்ன பெயர் வெஸ்டிபியூலர் நியூரைட்டிஸ் (உடம்பின் சமநிலையை உள்காதிலிருந்து மூளைக்குச் சொல்லும் நரம்பில் வரும் அழற்சி). "மருந்து கொஞ்ச நாளைக்குத்தான். மிச்சத்தை மூளைதான் பழகிக்கணும்" என்றார் டாக்டர். பைக் ஓட்டலாமா என்று கேட்க எனக்குக் கூச்சம். மனைவி செல்விதான் கேட்டாள்.

"முதல்ல நேரா நடக்கட்டும்" என்றார்.

மண்பாதைப் பந்தயத்தில் வயது கூடியவர்களின் பிரிவில் பல வருடமாக ஓடுகிறேன். நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு, அந்தப் பாதையில் மட்டும் கூச்சம் இருந்ததில்லை. அதை விட்டுவிட வேண்டுமா என்பதுதான் நோயைவிடப் பெரிய கவலை.

மூளையைப் பழக்க, சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, கண்ணை அதிலேயே நிறுத்தி, தலையை மட்டும் இடம் வலமாகத் திருப்பச் சொன்னார்கள். எழுத்து துள்ளும், குமட்டும். விடாமல் செய்தேன்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இப்பிடித் தலைய ஆட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள் செல்வி.

டாக்டர் அனுமதித்த பிறகு மறுபடி ஏறினேன். பயிற்சிப் பாதையில் கற்கள் கிடக்கும் ஒரு வளைவில் விழுந்தேன். அன்று மாலையே செல்வியின் தம்பி ரவி, தோட்டத்து ரோட்டோரக் கற்களுக்கு அடிப்பதுபோல அந்த வளைவுக் கற்களுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டான்.

"இனி நல்லா தெரியும் மச்சான். பாத்து வெலகிப் போங்க."

நன்றாகத்தான் தெரிந்தது. கண் வெள்ளைக்குப் போனது, சக்கரமும் பின்னாலேயே போனது. திரும்பத் திரும்ப அதே கல்.

"அந்தக் கல்லு ஒங்களுக்குச் சொந்தமா மச்சான்?"

முழங்காலைத் தடவிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. நோய்க்கு முன் நான் கல்லைப் பார்த்து ஓட்டியதே இல்லை. வளைவு எங்கே முடிகிறதோ அங்கேதான் கண் இருக்கும். இப்போது விழுந்துவிடும் பயத்தில், விழப்போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கல்லுக்கெல்லாம் சேத்த அள்ளிப் பூசு" என்றேன் ரவியிடம். " சுண்ணாம்ப அந்தா, வளைவு முடியிற எடத்து மரத்துக்கு அடி."

"மரத்துல மோதவா?"

"அங்க போறதுக்குள்ள கண்ணு அடுத்த எடத்துக்குப் போயிரும்டா."

முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. பயம் கண்ணைக் கீழே இழுத்தபோதெல்லாம் மரத்துக்குத் திருப்பினேன். அடுத்த பந்தயத்தில் கடைசிக்கு முந்தியவனாக வந்தேன். விழவில்லை.

தலைசுற்றலோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அது முழுதாகப் போகவில்லை. சட்டென்று திரும்பினால் மலை இன்னும் ஒரு கணம் பிந்தித்தான் நிற்கிறது. முன்பு அது நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருப்பேன். இப்போது, அது மெதுவாக வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த வளைவு எங்கே திறக்கிறது என்று பார்க்கிறேன்.