வேம்பைச் சுற்றி ஒரு கண்ணாடி மாளிகை

கைதவறி விழும் கண்ணாடியின் சத்தம் வேறு, நெருப்பில் வெடிக்கும் கண்ணாடியின் சத்தம் வேறு. இரண்டாவதை நான் ஒரே ஒரு சாயங்காலம்தான் கேட்டேன். ராஜபாளையத்தில் எங்கள் மில் வாசலில் நின்ற கண்ணாடி மாளிகை அன்று எரிந்தது. எங்கள் முதலாளி காலில் செருப்புக்கூட இல்லாமல் சாலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த மில் ஆபீசில் டைப்பிஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு, எங்களிடம் எங்கள் ஊர்த் தமிழ். எதற்கெடுத்தாலும் ‘போனீலே’ என்பார். போகட்டும் விடு என்று அர்த்தம். நூல் லாரி கவிழ்ந்தாலும் போனீலே, காப்பியில் சர்க்கரை இல்லாவிட்டாலும் போனீலே. அப்படிப்பட்டவர் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். விக்டோரியா ராணி காலத்தில், உலகத்துச் சாமான்களையெல்லாம் காட்சிக்கு வைக்க லண்டனில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு மாளிகை கட்டினார்களாம். அங்கே நின்ற பெரிய மரங்களை வெட்டாமல், உள்ளே வைத்தே கூரையை உயர்த்தினார்களாம். அந்தப் படத்தைக் காட்டாமல் எந்த வியாபாரியையும் அவர் வெளியே விட்டதில்லை.

எங்கள் மில் வாசலிலும் ஒரு வேம்பு நின்றது. மில்லின் நூலையும் பேண்டேஜ் துணியையும் காட்சிக்கு வைக்க, அதைச் சுற்றி அவர் கட்டியது லண்டன் மாளிகையின் முழங்காலுக்குக்கூட வராது. ஆனாலும் தென்காசி பஸ்ஸில் போகிறவர்கள் எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். மேற்கு மலை முழுக்க அதன் சுவரில் தெரியும். சித்திரை வந்ததும் உள்ளே நிற்க முடியவில்லை, இட்லிச் சட்டிதான். லண்டனிலும் வெயிலுக்குக் கூரையில் துணி கட்டினார்கள் என்று சொல்லி, எங்கள் பேண்டேஜ் துணியையே கூரைக்கு அடியில் நீள நீளமாகக் கட்டச் சொன்னார். கல்யாணப் பந்தல் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வேம்பில் அம்மன் இருக்கிறாள் என்பது மில் பெண்களின் நம்பிக்கை. மரத்தில் மஞ்சள் துணி கட்டி, ஆடி வெள்ளிகளில் ஷிப்டு முடிந்ததும் விளக்கு வைப்பார்கள். அந்த ஆடி பிறந்ததும், இனிமேல் விளக்கு கூடாது என்று மேனேஜர் மாளிகையைப் பூட்டினார். ரீலிங் பிரிவில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ஓர் அக்கா, நேரே முதலாளியின் கார் முன்னால் போய் நின்றார்.

“ஆத்தாள உள்ள வச்சுப் பூட்டிட்டீயளே அய்யா. அவளுக்கு வெளக்கு வைக்காம நாங்க எப்படி வீட்டுக்குப் போறது?”

முதலாளி மேனேஜரிடமிருந்து சாவியை வாங்கி அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஷிப்டு முடிந்த மற்ற பெண்கள் கூட்டமாக வந்து கதவை அகலத் திறக்க, ஆடிக்காற்று உள்ளே பாய்ந்தது. சுடர் மரத்தின் மஞ்சள் துணியைப் பற்றி, அங்கிருந்து கூரைத் துணிக்குத் தாவியது. எல்லாரும் ஓடித் தப்பினார்கள். மாளிகையில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை.

மறுநாள் மேனேஜர் பெண்களை வாசலில் நிறுத்தி, விளக்கு வைத்தது யார் என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. வேலை போனால் வேறு மில்லிலும் சேர்க்கமாட்டார்கள். கொளுத்தினவள் என்ற பேர் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

“சாவி குடுத்தது நான். மேல துணியக் கட்டச் சொன்னதும் நான். பொறவு யார விசாரிக்கீரு?” என்றார் முதலாளி. மேனேஜர் பெண்களை வேலைக்கு உள்ளே அனுப்பினார்.

ஆபீசுக்கு வந்ததும் முதலாளி என்னிடம் மெல்லச் சொன்னார்: “லண்டன்ல கட்டுனதும் கடேசில எரிஞ்சுதான் போச்சும்மா.”

கதையின் அந்தப் பாதியை அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. “தெரிஞ்சுதானா அய்யா கட்டுனீய?” என்று கேட்டுவிட்டேன்.

“தெரியும். ஆச விடல.”

போனீலே என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். அங்கே கண்ணாடி மாளிகை இருந்தது என்றால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்கு அந்த மாளிகையைவிட அது எரிந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் பெரிதாகப் படுகிறது.

அன்று ஷிப்டு முடிந்து, பாதி கருகிய மரத்தைப் பார்க்காமலே பெண்கள் கடந்து போனார்கள். முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். “ஏம்மா, ஆடி இன்னும் முடியலயே. வெளக்கு எங்க?”

“வேண்டாம்யா. இது வெளங்காத கை.”

முதலாளி தாமே அகல்விளக்கும் எண்ணெயும் தீப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். வேட்டியோடு சாம்பலில் உட்கார்ந்து, பஞ்சை எடுத்துத் திரிக்க ஆரம்பித்தார். ஆயுள் முழுக்கப் பஞ்சோடு கிடந்த மனிதருக்கு ஒரு திரி திரிக்கத் தெரியவில்லை. பிரிந்து பிரிந்து போனது. பார்த்துக்கொண்டு நின்ற அக்கா, பக்கத்தில் உட்கார்ந்து, அதை வாங்கித் தன் உள்ளங்கையில் உருட்டினார். திரியை எண்ணெயில் போட்டுவிட்டுத் தீப்பெட்டியை அவரிடம் நீட்டினார்.

“நீங்க பத்த வையுங்க அய்யா. காத்து வராம நான் மறைச்சுக்கிடுதேன்” என்று சொல்லி, இரண்டு கைகளையும் விளக்கைச் சுற்றிக் குவித்துக்கொண்டார்.