நடக்காத திருட்டு

ஏற்காட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் ஒல்லியான மனிதர். யார் பேசி முடித்தாலும் ரிசீவரைத் தோள் துண்டால் துடைப்பார்.

டெல்லியில் என் மகன் வேலை பார்த்த அரசு அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குள் வேறொரு நாட்டு அரசின் ஆட்கள் புகுந்து ரகசியங்களை எடுத்துவிட்டார்கள். உள்ளிருந்து உதவியவன் என்று அவனைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் தினமும் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

ஒருநாள் பூத்காரரிடம் சொன்னேன்: "அப்படி எதுவுமே நடக்கலைன்னு மந்திரி ரேடியோவுல சொல்லிட்டாருங்க. இனி பையனை விட்டுருவாங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஏனுங்க டீச்சர், திருட்டே நடக்கலைன்னா, தம்பி திருடலைன்னு யாருங்க சொல்லுவாங்க?"

மறுநாள் நான் கேட்காமலே எண்ணை அழுத்தித் தந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ரிசீவரை வாங்கி வெகுநேரம் துடைத்தார். யாரும் பேசாத ரிசீவரை எதற்குத் துடைத்தார் என்று இன்றும் தெரியவில்லை.