ஷவர் கேப்

‘புகை எச்சரிக்கைக் கருவியை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது.’ தீயணைப்புத் துறையில் இருந்தபோது இந்த விதியை ஊரிலுள்ள விடுதிகளுக்கெல்லாம் எழுதி அனுப்பியவன் நான்.

ஓய்வுக்குப் பின் அமெரிக்காவில், எடிசன் நகரில் மகன் வீட்டில் தினமும் மாலை விளக்கேற்றி, மன அமைதி வேண்டிப் பிரார்த்திப்பேன். சாம்பிராணி போட்டதும் கூரையிலுள்ள கருவி அலறும். அலறலில் ஏது அமைதி? நாற்காலியில் ஏறி அதற்கு, குளிக்கும்போது தலை நனையாமல் போடும் ஷவர் கேப் ஒன்றை மாட்டிவிடுவேன்.

“மாமா, கேப்ப எடுத்துட்டீங்களா?” என்று மருமகள் ரேவதி தினமும் கேட்பாள்.

“ஃபயர் ஆபீசரையே செக் பண்றியாம்மா?” என்பேன்.

பிப்ரவரியில் ஒரு மாலை அமைதி தாராளமாகவே கிடைத்தது. கேப்பைக் கழற்றாமல், விளக்கையும் அணைக்காமல் மாடிக்குப் போய்த் தூங்கிவிட்டேன். திரைச்சீலை பற்றிக்கொண்டது. கருவி வாய் திறக்கவில்லை. தலைவலியோடு கீழே பக்கத்து அறையில் படுத்திருந்த ரேவதி, இருமியபடி ஓடிவந்து எரியும் திரையை வெறுங்கையால் இழுத்துப் போட்டாள். இரண்டு கைகளும் வெந்துபோயின.

மருத்துவமனையில் என்னைக் கண்டதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு டெக்சாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கடிதம் எழுதினேன். முதல் வரைவில் சூழ்நிலை விளக்கமெல்லாம் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, ‘தப்பு என்னுடையது’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

இப்போது படுக்குமுன் நான் அமைதி கேட்பதில்லை. அவள் விரல்கள் மடங்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கோணல்மாணலான கையெழுத்தில் பதில் வந்தது. ‘மாமா, பேனா பிடிக்க முடியுது. கேப்ப எடுத்துட்டீங்களா?’

அன்று அக்டோபர் நான்காம் தேதி; தீப்பிடித்து ஏறக்குறைய எட்டு மாதம் ஆகியிருந்தது.